தெருப்பெயர் கேட்காத இடம்: பேருந்து நிலையமும் நாமும்



தாத்தா இரட்டைமலை சீனிவாசனாரை நினைவுகூரும் கூட்டத்தில் பேருந்து நிலையத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னபோது, அமைப்பிலேயே சிலர் சிரித்தார்கள். நிலம் இருக்கிறது, கல்வி இருக்கிறது, இடஒதுக்கீடு இருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். தாத்தா பிறந்த கோழியாளம் இங்கிருந்து தொலைவில் இல்லை, பக்கத்து மதுராந்தகம் வட்டத்தில்தான் இருக்கிறது. சட்டமன்றத்துக்குள் போனதும் அவர் கேட்ட முதன்மையான உரிமைகளில் ஒன்று நடக்கும் உரிமை. பொதுச் சாலையில், பொதுத் தெருவில், எந்த வகுப்பாரும் தடையின்றி நடக்கலாம். பொதுக் கிணறு, பொது அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் எதையும் எல்லாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம் 1924இல் சென்னை சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1925இல் அது அரசிதழில் வந்தது. பேருந்து நிலையம் பொதுமக்கள் கூடும் இடம். ஆகவே தாத்தா பேசிய பொருளைத்தான் இன்று நாமும் பேசுகிறோம்.

கல்வெட்டு ஊரின் பேருந்து நிலையம்

உத்திரமேரூருக்கு வெளியூரிலிருந்து ஆய்வு மாணவர்கள் வருகிறார்கள். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வழி கேட்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. உலகத்துக்கே சனநாயகம் கற்றுக்கொடுத்த ஊர் என்று பிரதமர் முதல் பள்ளிப் பாடநூல் வரை பேசுகிறார்கள்.

அந்தக் கல்வெட்டை நாமும் படித்திருக்கிறோம். குடத்தில் பெயர் போடத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். இந்த நான்கில் எதில் நம் முன்னோர் தேறுவார்கள்? வயதில் மட்டும். பிரமதேய ஊரின் சபை அது. அந்த வயலில் உழைத்தவர்களின் ஓலை எந்தக் குடத்திலும் விழவில்லை. தேர்தல் முறையின் வரலாறு என்ற வகையில் அந்தக் கல்வெட்டை மதிக்கிறோம். நமக்கான சனநாயகத்தின் தொடக்கம் அதுதான் என்று சொன்னால் ஏற்பதற்கில்லை.

நம் மக்களுக்கு இந்த ஊரில் முதலில் திறந்த பொது இடங்களில் ஒன்று கோயிலுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் பேருந்து நிலையம். காஞ்சிபுரத்துக்கும், செங்கல்பட்டுக்கும், மதுராந்தகத்துக்கும், வந்தவாசிக்கும் அங்கேதான் போய் ஏறினோம். ஊருக்குள் எங்களைப் பார்த்ததும் வரும் கேள்வி, 'எந்தத் தெரு?' என்பதுதான். பெயர் கேட்கும்முன் தெருவைக் கேட்பார்கள். பேருந்தில் நடத்துநர் கேட்பது, 'எந்த ஊரு?' என்ற ஒன்றே ஒன்று. ஊரைச் சொல்லிச் சில்லறையைக் கொடுத்தால் சீட்டு வந்துவிடும். அந்தச் சீட்டில் தெருப்பெயர் இருக்காது.

இது சிறிய செய்தி என்று நினைக்கலாம். எங்கள் ஆயாவிடம் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். கீரைக்கட்டும் காராமணியும் எடுத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் உத்திரமேரூர் வருவார். எவ்வளவு நேரமானாலும் நிலையத்து சிமென்ட் பெஞ்சில் உட்காரமாட்டார். தூணுக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருப்பார். அந்த வயது பெண்கள் எல்லாருமே அப்படித்தான். ஏன் ஆயா என்று கேட்டால், 'பழக்கம்டா' என்பார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர் களையெடுக்கும் நிலத்துக்காரர்கள் என்பதை நாங்கள் பிறகுதான் புரிந்துகொண்டோம். தொண்ணூறுகளில் மாமாவைச் சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது ஆயாவை அழைத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போனோம். திரும்பும் நேரத்தில் ஆயா நேராகப் போய் ஒரு பெஞ்சில், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பார்த்ததும் சொன்னார்: 'இங்க நம்மள யாருக்குத் தெரியும்?'

நாங்கள் படித்த சமூகவியல் பாடத்தில் பெருநகரம், அறிமுகமின்மை என்று பல பக்கங்கள் இருந்தன. எங்களுக்கு அவற்றைப் புரியவைத்தது அந்த ஒரு வாக்கியம்.

வண்டி தானாக நமக்காக நிற்கவில்லை

ரயிலும் பஸ்ஸும் வந்ததால் சாதி குறைந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எந்திரம் சாதியை ஒழிப்பதில்லை. அம்பேத்கர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலை மாணவர்கள் படியுங்கள். 1901இல், சிறுவனாக, தந்தையைப் பார்க்கப் புறப்படுகிறார். ரயிலில் தடையின்றி மசூர் நிலையம் வரை வந்துவிட்டார். இறங்கிய பிறகு, தங்கள் சாதியைச் சொன்னதும், மாட்டுவண்டிக்காரர் ஒருவரும் ஏற்ற மறுத்துவிட்டார்கள். இரு மடங்கு கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தண்டவாளம் முடிந்த இடத்தில் சாதி காத்திருந்தது.

தமிழ்நாட்டில் தனியார் பேருந்துகள் ஓடத் தொடங்கிய காலத்தில் நம்மை ஏற்ற மறுத்த வண்டிகள் இருந்தன. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டார். ஆணை தேவைப்பட்டது என்பதே அன்றைய நிலைமைக்குச் சாட்சி. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் பொது வாகனத்தைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் குற்றம் என்று எழுத வேண்டியிருந்தது. சட்டம் இல்லாத ஒன்றைத் தடை செய்வதில்லை.

அடுத்த பெரிய மாற்றம் பேருந்துகள் அரசுடைமை ஆனபோது நடந்தது. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் உருவாயின. வழித்தடம் அரசின் பொறுப்பானது; வேலை இடஒதுக்கீட்டுக்குள் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் காக்கி உடுத்தி ஓட்டுநராகவும் நடத்துநராகவும் ஏறினார்கள். நேற்றுவரை கைகட்டி நின்றவரின் மகன் விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும் என்ற நிலை வந்தது. இதைச் சிலரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1995 ஜூலையில் வீரசிகாமணியில் ஒரு தேவேந்திரர் பேருந்து ஓட்டுநருக்கும் ஆதிக்கச் சாதி மாணவர்களுக்கும் எழுந்த தகராறுதான் தென்மாவட்டக் கலவரமாகப் பரவியது. அந்த வரிசையில்தான் ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும், மொத்தம் ஆறு பேர், மதுரையிலிருந்து திரும்பி வந்த பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையப் பகுதியில், பட்டப்பகலில், நூறு கண்கள் பார்க்க, சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, பொதுத்தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த நம் மாணவனை வண்டியை மறித்து இறக்கி விரல்களை வெட்டினார்கள்.

இவற்றை வரிசையாகச் சொல்வது அழுவதற்காக அல்ல. இத்தனையும் ஏன் பேருந்தில், பேருந்துத் தடத்தில், பேருந்து நிலையத்தில் நடக்கின்றன என்று நாம் கேட்க வேண்டும். நாம் அருகருகே உட்காரும் இடம் அது. ஊரைவிட்டு வெளியேறும் வாசலும் அதுதான். கல்லூரிக்கும், வேலைக்கும், காதலுக்கும், தேர்தல் மனு கொடுக்கவும் அந்த வழியாகத்தான் போகிறோம். வாசலில் வைத்து மறிக்கிறார்கள்.

பெயர்ப்பலகையின் கதை

1994இல் பல்லவன் கழகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு வடசென்னைக்கு டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. வெள்ளையரை எதிர்த்துக் கட்டபொம்மன் பக்கம் நின்று உயிர்விட்ட தளபதியின் பெயர் அது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். கல் வீசினார்கள், வண்டிகளை உடைத்தார்கள், உயிர்கள் போயின.

அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமாக இருந்த நம் பகுதி அந்த ஆண்டுதான் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்து ஊர்ப்பெயருக்குத் திரும்பியது. அண்ணல் அம்பேத்கரின் பெயரும் வடசென்னைப் பேருந்துகளின் பக்கவாட்டிலிருந்து அழிந்தது. பார்ப்பதற்குச் சமமான நீக்கம். ஆனால் கல்லெறிந்தவர்களின் கோரிக்கை ஒரே ஒரு பெயரைப் பற்றியது. அது நிறைவேறிவிட்டது.

அதற்குப் பிறகு திறந்த பெரிய நிலையங்களைப் பாருங்கள். மதுரை மாட்டுத்தாவணிக்கும், கோயம்பேட்டுக்கும் எம்.ஜி.ஆர். பெயர். கிளாம்பாக்கத்துக்கும், 2025இல் திறந்த திருச்சி பஞ்சப்பூருக்கும் கலைஞர் பெயர். பேருந்திலிருந்து இறக்கிய பெயர்கள் நிலையத்தின் முகப்பில் ஏறிவிட்டன. நம் தலைவர்கள் மட்டும் இன்னும் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். இரு தலைவர்களின் பெயரை நாம் எதிர்க்கவில்லை. 1997இல் சொன்ன நியாயம் எங்கே போனது என்று கேட்கிறோம்.

பாரிமுனை, கோயம்பேடு, கிளாம்பாக்கம்

இப்போது மறுசீரமைப்புக்கு வருவோம். ஆயா பெஞ்சில் உட்கார்ந்த பாரிமுனையை எடுத்துக்கொள்வோம். விரைவுப் பேருந்துகளும் வெளியூர்ப் பேருந்துகளும் அங்கேதான் வந்து நின்றன. நெரிசல், சேறு, மூத்திர நாற்றம். எல்லாம் உண்மை. ஆனால் இறங்கி நடந்தால் பெரிய ஆஸ்பத்திரி; எதிரில் உயர்நீதிமன்றம்; கூப்பிடு தூரத்தில் சென்ட்ரல், துறைமுகம், கொத்தவால்சாவடி. கூலி வேலை, வைத்தியம், வழக்கு என்று கிராமத்து ஏழை சென்னைக்கு வரும் காரணங்கள் எல்லாம் அந்தச் சுற்றுவட்டத்தில் இருந்தன.

2002இல் வெளியூர்ப் பேருந்துகள் கோயம்பேட்டுக்குப் போயின. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறந்தது. ஏறத்தாழ 88 ஏக்கர், 390 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறின. இப்போது செங்கல்பட்டு வழியாகப் போகும் நம் ஆள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக, கிளாம்பாக்கத்துக்கு அப்பால் இன்னும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போக வேண்டும். நிலையம் திறந்த நாளில் பக்கத்தில் ரயில் நிறுத்தம் இல்லை. 2024 பிப்ரவரியில் நள்ளிரவில் பேருந்து கிடைக்காத பயணிகள் அங்கே சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். காஞ்சிபுரம் வழியாகப் போகிறவர்களுக்குக் கிளாம்பாக்கம் திறந்த பிறகும் கோயம்பேடு இருந்தது. அவர்களுக்காகவும் குத்தம்பாக்கத்தில் புதிய நிலையம் எழுப்பத் தொடங்கினார்கள்.

குத்தம்பாக்கம் என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. 1996இல் அங்கே ஊராட்சித் தலைவரான நம் தோழர் இளங்கோ, தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகளைக் கட்டிக் காட்டினார். அருகருகே வாழ்வதற்கு ஒரு வடிவம் கண்ட ஊர் அது. கட்டடம் கட்டும் பொறியாளர்கள் அந்தச் சுவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

நெரிசல் குறைய வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பழைய நிலையத்தின் அழுக்கில் நமக்கு ஏக்கம் எதுவும் இல்லை. அந்தக் கழிவறைகளைக் கையால் கழுவியவர்கள் நம் வீட்டார். புதிய நிலையத்தின் தண்ணீரும், நாற்காலியும், தாய்மார்கள் பாலூட்டும் அறையும் நமக்கும் வேண்டும். நம் கேள்வி தூரத்தைப் பற்றியது. காரில் போகிறவருக்கு நிலையம் எங்கே இருந்தால் என்ன? ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணமுள்ளவருக்குப் பத்து கிலோமீட்டர் ஒரு பொருட்டில்லை. விடியற்காலை கட்டட வேலைக்கு மண்வெட்டியோடு போகிறவருக்கு அது அரைநாள் கூலி. நகரத்தின் வாசலைத் தள்ளி வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூரத்தைத் தன் காலாலும் காசாலும் அளப்பவர் ஒருவர் இருக்கிறார்.

இதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கூவம் கரையிலும் நகரின் நடைபாதையிலும் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். போனார்கள் என்றால் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பகுதி நம் மக்கள். சென்னையைக் கட்டியவர்கள் வெளியே. சென்னைக்கு வருகிறவர்களின் வண்டியும் வெளியே. ஊரின் ஓரத்தில் சேரியை வைத்த அதே கை, நகரத்தின் ஓரத்தையும் வரைகிறது.

பாரிமுனையில் இப்போது 800 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில், குறளகம் இருந்த இடத்தையும் சேர்த்து, பல மாடி ஒருங்கிணைந்த முனையம் வரவிருக்கிறது. கீழே பேருந்து, மேலே வணிக வளாகம். மதுரைப் பெரியார் நிலையமும் அப்படித்தான் இடித்துக் கட்டப்பட்டு 2021இல் திறந்தது. பேருந்து நிலையம் வணிக வளாகமாகும்போது ஒன்றைக் கவனியுங்கள். தரையில் கூடை வைத்துப் பூவும் கொய்யாவும் விற்றவர் புதிய வரைபடத்தில் எங்கே? படத்தில் கண்ணாடிக் கடைகள் இருக்கும், செடிகள் இருக்கும், நடந்துபோகும் மனிதர்கள் இருப்பார்கள். கூடைக்காரி இருக்கமாட்டார். இடிக்கும்போது 'தற்காலிகமாக' என்று அகற்றப்படுகிறவர், திறப்பு விழாவின்போது 'ஆக்கிரமிப்பாளர்' ஆகிவிடுகிறார்.

இனி நாம் கேட்க வேண்டியவை

நம் உத்திரமேரூரிலும், காஞ்சிபுரத்திலும், இன்று இல்லாவிட்டால் நாளை, நிலையத்தை இடித்துக் கட்டுவார்கள். ஒப்பந்தப்புள்ளி முடிந்த பிறகு கொடி பிடிப்பதில் பயன் இல்லை. இப்போதே சில கேள்விகளை எழுதி வைத்துக்கொள்வோம்.

முதலாவது, கூடைக்காரர்கள். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும். கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக்கூடாது. கணக்கெடுப்புப் பட்டியலில் நம் பெண்களின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது நம் மாணவர்களின் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இரண்டாவது, கடைகள். பெருந்தொகை முன்பணம் கட்டி ஏலம் எடுக்கச் சொன்னால், அறிவிப்பில் நம் பெயர் இருந்தாலும் கையில் சாவி வராது. பொது இடத்தில் கட்டும் கடைகளில் நமக்குரிய பங்கும், அதற்கு முன்பணச் சலுகையும் வேண்டும். பெயருக்கு நம் ஆளை வைத்து வேறொருவர் கடை நடத்தும் ஏமாற்றையும் கண்காணிக்க வேண்டும்.

மூன்றாவது, துப்புரவுப் பணியாளர்கள். கழிவறை புதிதானாலும் வேலை ஒப்பந்தக்காரர் கையில், கூலி அவர் விருப்பத்தில் என்றால் என்ன மாறியது? 2013 சட்டம் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்கிறது. கழிவுநீர்த் தொட்டியை எந்திரம் எட்டும்படி கட்டுகிறார்களா என்பதை வரைபடத்திலேயே கேட்க வேண்டும். அவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை எந்த வரைபடத்திலும் இருக்க வேண்டும்.

நான்காவது, வழித்தடம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நம் பெண்கள் வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போவதை அது எளிதாக்கியது. கணவனிடம் காசு கேட்காமல் வெளியே போகலாம் என்ற துணிவைத் தந்தது. ஆனால் காலனிக்குள் வராத பேருந்தில் இலவசம் யாருக்கு? வண்டி ஊர் முனையில் நின்று திரும்பிவிட்டால், இருட்டில் ஊரைக் கடந்து நடப்பது யார்? காலனி நிறுத்தமும் இரவுக் கடைசி வண்டியும் நம் கோரிக்கையின் தலைப்பில் வர வேண்டும்.

ஐந்தாவது, நினைவு. பொதுச் சாலையில் நடக்கும் உரிமையைச் சட்டமன்றத்தில் எழுப்பிய மனிதர் இந்த மண்ணில் பிறந்தார். இந்த மாவட்டங்களில் கட்டும் ஒரு நிலையத்துக்கு அவர் பெயரைவிடப் பொருத்தமான பெயர் எது? குறைந்தது, அந்தத் தீர்மானத்தின் வாசகத்தை நிலையத்தின் சுவரில் எழுதுங்கள் என்று கேட்போம். 1,100 ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள், இறங்கும் இடத்தில் 100 ஆண்டுக்கு முந்தைய இந்த வாசகத்தையும் படித்துவிட்டுப் போகட்டும்.

தோழர்களே, ஆயா இப்போது இல்லை. ஊர் பேருந்து நிலையத்துப் பெஞ்சில் அவர் கடைசிவரை உட்காரவில்லை. உட்கார வைக்க நாங்கள் முயன்றோம், கையை உதறிவிட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் உட்கார்வது ஒரு விடுதலை. தன்னை எல்லாருக்கும் தெரிந்த ஊரில், தெருப்பெயர் தெரிந்த ஊரில், உட்கார்வதுதான் நமக்குப் பாக்கி இருக்கும் விடுதலை. நிலையங்களை எங்கே வேண்டுமானாலும் மாற்றட்டும், எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டட்டும். அந்தப் பெஞ்சில் நம் மூத்த பெண்கள் எழுந்து போய் உட்காரும்வரை நம் வேலை முடிவதில்லை.

ஜெய்பீம்.